பூனைக்கு எதுக்கு ஸார் ஜாதகம்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வேலை பார்க்கும் கல்யாணமாகாத இளைஞர்களைக் கேளுங்கள். வாழ்க்கையில் தீராத பிரச்னை மூன்று என்பார்கள். ஒன்று, நைட் ஷிஃப்ட். இரண்டு, மெஸ் சாம்பார். மூன்று, பேச்சிலருக்கு வீடு. இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பூனை!

சிரிக்காதீர்கள். இந்த ஏரியாவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் வந்தது. பின்னாலேயே டெய்ம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், அப்பல்லோ டயர் என்று வரிசை கட்டின. அவற்றுக்குத் திருகாணி முதல் சீட் உறை வரை செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் எத்தனை எத்தனை! எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் இங்கே வந்து, ஒரு ரூமுக்கு மூன்று பேர், மூன்று பேருக்கு மூன்று ஷிஃப்ட் என்று குடித்தனம் நடத்துகிறார்கள். ரூமில் எப்போது போனாலும் ஒருத்தன் தூங்கிக்கொண்டிருப்பான்; இன்னொருத்தன் சாக்ஸ் தேடிக்கொண்டிருப்பான்.

ஊரில் ஆடு, மாடு, நாய், கோழி என்று வளர்ந்த பையன்களுக்கு நாலு சுவருக்குள் எதையாவது வளர்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. நாய் குரைக்கும், வீட்டுக்காரர் விட மாட்டார். மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்; ஆனால் மீன் மடியில் வந்து உட்காராது. பூனையோ ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் தூங்கும் ஜீவன். சி ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான ரூம்மேட் கிடைக்குமா?

சரி, பூனை என்று முடிவாகிவிட்டது. எந்தப் பூனை? அங்கேதான் வருகிறது வம்பு.

எனக்கு ஒரு தம்பி உண்டு. கூடப் பிறந்தவன் இல்லை. கூடப் பிறக்காத குறை. ராஜபாளையம் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. ஒரு நாள் போன் செய்தான்.

"அண்ணே, பெர்ஷியன் குட்டி பன்னெண்டாயிரம் சொல்றாங்க. நாட்டுப் பூனை சும்மாவே கிடைக்குது. எதுண்ணே லாபம்? நீங்க பி.காம். ஆச்சே!"

பி.காம். படித்தவனிடம் 'எது லாபம்' என்று கேட்பது, ஜோசியரிடம் கையை நீட்டுவது மாதிரி. லேசில் விடமாட்டான். நானும் விடவில்லை.

ஜாதகம் என்றால் என்ன?

நம் ஊரில் 'ஜாதிப் பூனை' என்கிறோம். புசுபுசுவென்று முடி இருந்தால் ஜாதிப் பூனை, இல்லாவிட்டால் சாதாரணப் பூனை என்பது நம் இலக்கணம். உண்மையில் ஜாதிப் பூனைக்கு இலக்கணம் முடி இல்லை, காகிதம்! அப்பா யார், அம்மா யார், தாத்தா பாட்டி யார் என்று மூன்று நான்கு தலைமுறைக்குப் பெயர் எழுதி, ஒரு பதிவுச் சங்கம் முத்திரை குத்திக் கொடுக்கும் காகிதம். கல்யாணத் தரகர் பையில் இருக்குமே, கிட்டத்தட்ட அது.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகமில்லை. 1871இல் லண்டனில் கிரிஸ்டல் பாலஸ் என்ற கண்ணாடி மாளிகையில் ஹாரிசன் வியர் என்ற ஓவியர் ஒரு பூனைக் கண்காட்சி நடத்தினார். இந்தப் பூனைக்குக் கண் இப்படி இருக்க வேண்டும், அந்தப் பூனைக்கு வால் அப்படி இருக்க வேண்டும் என்று மார்க் போடும் வேலை அந்தக் காலத்தில்தான் சூடு பிடித்தது. 1906இல் அமெரிக்காவில் பூனைப் பிரியர்கள் ஒரு சங்கம் வைத்துப் பதிவேடு திறந்தார்கள். இன்று அந்தப் பதிவேட்டில் நாற்பத்துச் சொச்சம் இனங்கள்.

ஆனால் பூனை மனிதனோடு குடித்தனம் நடத்துவது எத்தனை காலமாகத் தெரியுமா? சைப்ரஸ் தீவில் மனிதனும் பூனையும் பக்கத்தில் பக்கத்தில் புதைக்கப்பட்ட ஒரு கல்லறையைக் கண்டுபிடித்து, 2004இல் அறிவித்தார்கள். அதன் வயது சுமார் 9,500 வருஷம். அதில் ஜாதகம் பார்த்தது கடைசி நூற்றைம்பது வருஷம்தான். அதுவரை பூனை என்றால் பூனை. அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் தம்பிக்குப் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது.

"அப்ப இது ட்ரேசபிலிட்டிண்ணே! எங்க கம்பெனியிலே ஒரு போல்ட்டுக்குக்கூட எந்த லாட், எந்த மெஷின், எந்த ஷிஃப்ட்டுன்னு எழுத்து இருக்கும். நாளைக்கு வண்டியிலே கோளாறுன்னா அந்த எழுத்தைப் புடிச்சுக்கிட்டே பின்னாடி போயிடலாம். பேப்பர் இல்லாத பார்ட்டை லைன்லே ஏத்தவே மாட்டோம்."

பிரமாதம்! ஜாதகத்தின் உண்மையான உபயோகமும் அதுதான். கௌரவத்துக்கு இல்லை. அப்பன் பூனைக்கு என்ன வியாதி, பாட்டிப் பூனை எத்தனை வயசு வாழ்ந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க ஒரு வழி.

தவிர, அவன் ராஜபாளையத்துக்காரன். பரம்பரை என்றால் என்ன என்று அவனுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராஜபாளையம் நாயையும் சிப்பிப்பாறை நாயையும், கர்னாலில் இருக்கும் மத்திய அரசின் கால்நடை மரபு வளப் பணியகமே தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. "எங்க ஊர்லே நாய்க்குட்டி வாங்கப் போனா மொதல்லே தாய் நாயைத்தான்ணே பார்ப்பாங்க" என்றான்.

"சரி, பூனைக்கும் அதையே செய்வோம், வா" என்று கிளம்பினோம்.

அம்மா ஊருக்குப் போயிருக்கு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை. குட்டி விற்கிறவரின் வீடு. பேர், ஊர் வேண்டாம். கூண்டில் நான்கு குட்டிகள், பஞ்சு மிட்டாய்க்குக் கண் வைத்த மாதிரி. தம்பி அப்படியே உருகிவிட்டான். விற்பனையாளர் ஜோராக ஆரம்பித்தார்.

"இது டால் ஃபேஸ் ஸார். இது செமி பஞ்ச். அது ஃபுல் பஞ்ச், ரேட்டு கொஞ்சம் கூட. இது ட்ரிபிள் கோட்டு!"

மூன்று கோட்டு அடிக்க இது என்ன வீட்டுச் சுவரா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. மூக்கு எவ்வளவுக்கு எவ்வளவு உள்ளே அமுங்கியிருக்கிறதோ, விலை அவ்வளவுக்கு அவ்வளவு வெளியே வருகிறது. இதெல்லாம் சந்தையில் புழங்கும் வார்த்தைகள்.

"இதுக்குப் பேப்பர் இருக்கா?"

"பூனைக்கு எதுக்கு ஸார் பேப்பர்? நமக்கே ரேஷன் கார்டு வாங்க நாயா அலைய வேண்டியிருக்கு!"

"அம்மா பூனை எங்கே?"

"அது... ஊருக்குப் போயிருக்கு ஸார்."

லீவ் லெட்டர் கொடுத்துவிட்டுப் போயிற்றா என்று தெரியவில்லை.

கவனியுங்கள். 2018இல் வந்த மத்திய அரசின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, அப்படிப்பட்ட கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. காரணம் இருக்கிறது. அந்த எட்டு வாரத்தில்தான் குட்டி பால் மறக்கிறது. எங்கே ஒன்றுக்குப் போவது, எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்று அம்மாவிடமும் அண்ணன் தம்பிகளிடமும் பழகிக்கொள்கிறது. சீக்கிரமே பிரித்துக்கொண்டு வந்தால் அந்தப் பாடங்களை உங்கள் மெத்தையிலும் உங்கள் கையிலும் படிக்கும்.

இந்த நாட்டில் ஒரு பூனையிடம் ரொம்பக் கறாராகப் பேப்பர் கேட்ட இடம் என்று எனக்கு ஞாபகம் வருவது சென்னைத் துறைமுகம்தான். 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து பொம்மை ஏற்றி வந்த ஒரு கண்டெய்னரைத் திறந்தால், உள்ளே உயிரோடு ஒரு பூனை! கொரோனா பயம் கிளம்பியிருந்த நேரம். வந்த வழியே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். கூடாது என்று பீட்டா அமைப்பு கொடி பிடித்தது. பாவம், பாஸ்போர்ட் இல்லாத பயணி.

துறைமுகம் போகட்டும். பேப்பரும் இல்லை, அம்மாவும் இல்லை என்றால் கூண்டில் இருப்பது என்ன? அழகான, நீள முடி வைத்த கலப்புப் பூனை! அது குற்றமில்லை. ஆனால் 'ஜாதிப் பூனையா, கலப்பா?' என்று தம்பி கேட்ட கேள்வியே அங்கே அடிபட்டுப் போகிறது. அவன் முன்னால் இருந்தது விலைச் சீட்டு ஒட்டிய கலப்பு ஒன்று, சீட்டு ஒட்டாத கலப்பு ஒன்று. பன்னிரண்டாயிரம் ரூபாய் அந்தச் சீட்டுக்கு.

இன்னொரு தமாஷ். பெர்ஷியன் என்கிறோமே, அந்தப் பெயருக்கே பேப்பர் சரியில்லை. 2008இல் வெளியான ஒரு மரபணு ஆய்வில், இன்றைய பெர்ஷியன் பூனைகளின் மரபணு மேற்காசியப் பூனைகளோடு ஒட்டவில்லை; ஐரோப்பியப் பூனைகளோடுதான் ஒட்டியது. பெயரில் பாரசீகம், ரத்தத்தில் ஐரோப்பா. மைசூர் போண்டா மைசூரிலிருந்து வந்தால்தான் சாப்பிடுவேன் என்று நாம் என்ன அடம் பிடிக்கிறோமா? போகட்டும்.

அமுங்கின மூக்கும் அரை நூற்றாண்டுக் காதும்

பெர்ஷியன் கட்சிக்கும் நியாயம் சொல்ல வேண்டும். சாதுவான பூனை. திரைச்சீலையில் ஏறாது, அலமாரியில் தாவாது. வீட்டுக்குள்ளேயே திருப்தியாக இருக்கும். வாங்கும்போதே அதன் குணம் ஓரளவு இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடலாம். இனம் என்பதில் இருக்கும் நிஜமான வசதி அது.

ஆனால் மூஞ்சி தட்டையாக ஆக, மூச்சுக் குழாய்க்கும் கண்ணீர்க் குழாய்க்கும் இடம் நெருக்கடி. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். தினமும் துடைக்க வேண்டும். மே மாசத்து ஒரகடம் வெயிலில் நமக்கே நாக்குத் தள்ளுகிறது. மூக்கே இல்லாத ஜீவன், உடம்பு நிறையக் கம்பளி போர்த்திக்கொண்டு, கரண்ட் கட்டான ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் என்ன செய்யும்? முடியைத் தினம் சீவாவிட்டால் சிக்குப் பிடித்துத் தோலை இழுக்கும். தன் தலையையே மாசத்துக்கு ஒரு தரம் சீவுகிற ஆசாமிகளுக்கு இது சரிப்படுமா?

உள்ளே இருக்கும் சமாசாரம் இன்னும் பெரிசு. பெர்ஷியன்களுக்குப் பரம்பரையாக ஒரு கிட்னி வியாதி வருகிறது. கிட்னியில் நீர்க்கட்டிகள் பிறவியிலேயே உண்டாகி, வருஷக்கணக்கில் மெதுவாக வளர்ந்து, நடுவயதில் கிட்னியை முடக்கிவிடும். அப்பா, அம்மா இரண்டு பேரில் ஒருத்தரிடமிருந்து வந்தாலே போதும். இதற்குக் காரணமான மரபணுக் கோளாறை 2004இல் கண்டுபிடித்தார்கள். உலக அளவில் பெர்ஷியன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இது இருப்பதாக அப்போது கணக்குச் சொன்னார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் இருக்கிறதா இல்லையா என்று சோதனையில் தெரிந்துவிடும். பேப்பரோடு வளர்க்கிற பொறுப்பான ஆசாமி, தாய் தகப்பன் இரண்டுக்கும் அந்தச் சோதனை முடிவைக் காட்டுவார். அவரிடம் வாங்கினால் நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு அர்த்தம் உண்டு. அம்மாவை ஊருக்கு அனுப்பினவரிடம் அந்தச் சோதனையை எதிர்பார்க்க முடியுமா?

இப்போது இன்னொரு ரகத்துக்கும் மவுசு கிளம்பியிருக்கிறது. காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டு. 1961இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் திரிந்த பூனைக்குக் காது மடிந்திருந்தது; அதன் வாரிசுகள்தான் இந்த இனம். காதை மடக்கும் அதே மரபணு உடம்பிலுள்ள மற்றக் குருத்தெலும்பையும் கெடுக்கிறது. மூட்டுகளில் வலி. இதனாலேயே பிரிட்டனின் முக்கியமான பூனைச் சங்கம் 1970களிலேயே இந்த இனத்தைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. நாம் 'ச்சோ ச்வீட்' என்று கொஞ்சும் அந்தக் காது, பூனைக்கு முழங்கால் வலி.

மகாபலிபுரத்து ஜாதகம்

நாட்டுப் பூனைக்கு ஜாதகம் இல்லை என்று யார் சொன்னது? மகாபலிபுரம் போயிருப்பீர்கள். அர்ஜுனன் தபசுச் சிற்பத்தில் யானைக்குப் பக்கத்தில், பின்னங்காலில் நின்றுகொண்டு கையைத் தூக்கித் தவம் செய்யும் ஒரு பூனை, சுற்றிலும் எலிகள். பல்லவர் காலத்துச் சிற்பி கருங்கல்லில் எழுதிக் கொடுத்த 1,300 வருஷத்து ஜாதகம்! கம்பர்கூட ராமாயணம் பாட வந்த தன்னைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையோடுதான் ஒப்பிட்டுக்கொண்டார். அது டால் ஃபேஸா, பஞ்ச் ஃபேஸா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்த வெயிலில், இந்த மழையில், பல தலைமுறையாகப் பிழைத்து வந்த உடம்பு. மூக்கு நீளமாக இருக்கும். மூச்சு ஒழுங்காகப் போகும். குட்டை முடியைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். நெருங்கின சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்து செய்து வரும் வியாதிகள் இதற்குக் குறைவு.

ஆனால் 'சும்மா கிடைக்குது' என்று தம்பி சொன்னானே, அங்கே நான் கொஞ்சம் தடுத்தேன். தெருவில் கிடைக்கும் குட்டி வயிற்றில் குடற்புழு, மேலே தெள்ளுப்பூச்சி என்று ஒரு கூட்டத்தையே அழைத்துக்கொண்டு வரும். தடுப்பூசி போடாத குட்டிகளைப் பூனை பார்வோ வைரஸ் இரண்டு மூன்று நாளில் தூக்கிவிடும். பூனைக்கும் வெறிநோய் வரும்; அதற்கு நாட்டுப் பூனை, சீமைப் பூனை வித்தியாசமில்லை. சந்தேகப்படும் பூனை கடித்தாலோ பிராண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மஞ்சள் பூசிக்கொண்டு உட்காராதீர்கள்.

இன்னொன்று, நாட்டுப் பூனைக்கு ஊர் சுற்றும் புத்தி ஜாஸ்தி. ஊர் என்றால் இங்கே வண்டலூர் - வாலாஜாபாத் ரோடு. கார் ஏற்றிப் போகும் ட்ரெய்லருக்கு முன்னால் மனுஷனே நிற்க முடியவில்லை. ஆகவே வலை அடித்த ஜன்னலும், ஐந்தாறு மாத வயதில் கருத்தடை ஆபரேஷனும் அவசியம். ஆபரேஷன் இல்லாவிட்டால் பெண் பூனை ஒன்பது வாரத்துக்கு ஒரு தரம் ரூம்மேட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டும் சக்தி வாய்ந்தது.

மூலதனச் செலவு, நடைமுறைச் செலவு

இப்போது பி.காம். பாடத்துக்கு வருவோம். குட்டியின் விலை மூலதனச் செலவு, ஒரே தடவை. சாப்பாடு, மணல், டாக்டர் எல்லாம் நடைமுறைச் செலவு, சாகும் வரை. மூலதனத்தைப் பார்த்து மயங்குகிறவன், நடைமுறையில் திவாலாவான். வியாபாரத்துக்கும் இதுதான், பூனைக்கும் இதுதான்.

தம்பியோடு உட்கார்ந்து தோராயமாக ஒரு கணக்குப் போட்டேன். தீனி, ஒன்றுக்கு ரெண்டுக்குப் போகும் மணல், வருஷத் தடுப்பூசி எல்லாம் சேர்த்து மாசம் 1,500 ரூபாய். வருஷத்துக்கு 18,000. வீட்டுக்குள் ஒழுங்காக வளரும் பூனை பதினைந்து வருஷம் வாழும் என்று வைத்துக்கொண்டால் 2,70,000 ரூபாய். இதில் பன்னிரண்டாயிரம் என்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை! நீங்கள் பெர்ஷியனா நாட்டுப் பூனையா என்று மண்டையை உடைத்துக்கொள்வது அந்த ஐந்துக்காக. மிச்சம் 95க்கும் மேலே இரண்டு பூனைக்கும் பொது. பெர்ஷியனுக்குச் சீப்பும் கண் துடைக்கிற பஞ்சும் எக்ஸ்ட்ரா.

மிச்சம் பிடிக்கிறேன் என்று தயிர் சாதம் போட்டு வளர்த்துவிடலாமா? முடியாது. டாரின் என்று ஒரு சத்து. இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. பூனை உடம்பு அதைத் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. அது இல்லாமல் போனால் கண் பார்வை போகும் என்று 1970களிலும், இருதயம் பழுதாகும் என்று 1987லும் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பாலும் நிறைய பெரிய பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, நம் கதைப் புத்தகங்கள் என்ன சொன்னாலும் சரி.

இதைக் கட்டம் கட்டி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்: பூனைக்கு ஜுரம் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பாதி மாத்திரைகூட வேண்டாம். நமக்குத் தலைவலி மருந்து, பூனைக்கு விஷம். உயிரே போகும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பெரிய பிரச்னை என்றால் சென்னை வேப்பேரியில் 1903இலிருந்து இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது.

கம்பெனியைவிட ஆயுள் கெட்டி

கணக்கு முடிந்ததும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பதினஞ்சு வருஷமாண்ணே? எனக்கே காண்ட்ராக்ட் ரெண்டு வருஷம்தான்."

அங்கேதான் இருக்கிறது விஷயம். இந்தப் பேட்டையில் எல்லாமே தவணையில் நடக்கிறது. அப்ரண்டிஸ் ஒரு வருஷம், ட்ரெயினி இரண்டு வருஷம், வாடகை ஒப்பந்தம் பதினோரு மாசம். பெரிய கம்பெனியே நிரந்தரம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தி ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள், முதல் சம்பளம், முதல் பைக். 2014 நவம்பரில் நின்றுபோயிற்று. அந்தக் கம்பெனி திறந்த வருஷம் பிறந்த ஒரு பூனைக்குட்டி, மூடின அன்றைக்கு எட்டு வயசுப் பூனை. அதற்கு இன்னும் பாதி ஆயுள் பாக்கி!

பூனை ஒரு ஃபாக்டரியைவிட நீண்ட நாள் வாழும். இதை யோசிக்காமல்தான் முதல் மாசச் சம்பளத்தில் குட்டி வாங்குகிறார்கள். அப்புறம் புனேவுக்கு மாற்றல், ஓசூரில் புது வேலை, ஊரில் கல்யாணம். பெண் வீட்டுக்காரர்கள் 'மாப்பிள்ளைக்குப் பூனை உண்டா?' என்று கேட்பதில்லை; கல்யாணத்துக்கு அப்புறம் கேட்கிறார்கள். பூனை மாடிப்படிக்கு வந்துவிடுகிறது.

மாடிப்படி என்றது உவமை இல்லை. தம்பி புதிதாக ஒரு வீடு பார்த்திருந்தான். பூனை வைத்துக்கொள்ளலாமா என்று வீட்டுக்கார அம்மாவிடம் முதலிலேயே கேட்கச் சொன்னேன். கேட்டான்.

"நாய்னா வேணாம். பூனைன்னா இருக்கட்டும் தம்பி, எலித் தொல்லை தாங்கலை. ஆனா போறப்ப விட்டுட்டுப் போயிடாதீங்க. முன்னாடி இருந்த பசங்க காலி பண்ணிட்டுப் போயி மூணு வாரம் ஆவுது. அவங்க விட்டுட்டுப் போனது இன்னும் படியிலேயே உக்காந்திருக்கு, பாருங்க."

பார்த்தோம். மொட்டை மாடிப் படியில், தண்ணீர் டேங்க் நிழலில், ஒரு வெள்ளைப் பெர்ஷியன். ஒரு காலத்தில் வெள்ளை. முடி சடை சடையாகத் திரிந்து ஃபாக்டரி தரை துடைக்கிற மாப் மாதிரி இருந்தது. கண்ணோரம் கறுப்புக் கோடு. பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி கேட்டைப் பார்த்தது. நாட்டுப் பூனையாக இருந்தால் இதற்குள் நாலு வீட்டில் மீன் திருடிப் பிழைத்திருக்கும். இதற்குத் திருடவும் தெரியவில்லை. வீட்டுக்கார அம்மா வைத்த பால் சோறு ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

எவனோ ஒருத்தன் பத்தோ பன்னிரண்டோ ஆயிரம் கொடுத்து வாங்கின 'செமி பஞ்ச்' அது.

தம்பி என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். கணக்குப் பாடத்தில் இதற்குத் தனித் தலைப்பு கிடையாது.

மறுநாள் லீவ் போட்டுவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனான். சடையை வெட்டியெடுக்க வழியில்லாமல் மொட்டை அடித்தார்கள். திருப்பதி போய் வந்த மாதிரி ஆகிவிட்டது. புழு மாத்திரை, தடுப்பூசி, கண்ணுக்குச் சொட்டு மருந்து. கிட்னிக்கு ஸ்கேனும் எடுத்துப் பார்த்தான். கட்டி எதுவும் தெரியவில்லை என்றார் டாக்டர். ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான், "மூலதனமா, நடைமுறையாண்ணே?" என்ற கேள்வியோடு. நான் பதில் அனுப்பினேன்: "முந்தின முதலாளி வைத்துவிட்டுப் போன கடன்."

இன்னொரு காரியமும் செய்தான், அதுதான் எனக்குப் பிடித்தது. ராஜபாளையத்துக்குப் போன் போட்டு, "அம்மா, நாளைக்கு எனக்கு வேலை மாறினா இதை நம்ம வீட்டிலே வெச்சுக்கலாமா?" என்று கேட்டு, சம்மதம் வாங்கிவிட்டுத்தான் பூனைக்குப் பேர் வைத்தான். எந்தச் சங்கத்தின் முத்திரையும் இல்லாத அந்தப் பூனைக்கு இப்போது அடுத்த பத்து வருஷத்துக்கு முகவரி இருக்கிறது. என்னைக் கேட்டால் உருப்படியான ஜாதகம் அதுதான்.

ஆகவே, பூனை வாங்கும் யோசனையில் இருக்கும் வாலிபர்களே, இனம் எது என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி. தாய்ப் பூனையை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா? மாசம் 1,500 ரூபாய் தனியாக எடுத்து வைக்க முடியுமா? நாளைக்கே வேலை போனால், பூனை யார் வீட்டுக்குப் போகும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் பெர்ஷியனோ, நாட்டுப் பூனையோ, ப்ளூ கிராஸ் மாதிரி காப்பகத்திலிருந்து தத்தெடுக்கும் பூனையோ, தாராளமாக வளருங்கள். மூன்றாவதுக்கு மட்டும் பதில் இல்லையா? அவசரப்படாதீர்கள். கம்பெனி கேன்டீன் வாசலில் நிச்சயம் ஒன்று உட்கார்ந்திருக்கும். தினம் ஒரு மீன் துண்டு போடுங்கள். ரூம்மேட்டுகளோடு காசு சேர்த்து ஒரு தடுப்பூசியும் ஆபரேஷனும் செய்துவிடுங்கள்.

நீங்கள் பேப்பர் போட்டுவிட்டுப் போனாலும் அது வேலையை விடாது. எலி பிடிப்பதில் அது பர்மனென்ட் ஸ்டாஃப்!